ரேடியேட்டருக்குள் ஒரு வெப்பப் பாடம்

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு சார்? கழற்றிடலாம். ஃபேனையும் டைரக்ட் பண்ணிட்டா சாவி போட்டதும் ஓடிக்கிட்டே இருக்கும்." தஞ்சாவூர்ப் பக்கம் பழைய கார் வைத்திருக்கும் ஆசிரியர்கள் பலரும் இந்த யோசனையைக் கேட்டிருப்போம். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில் இது நியாயமாகத்தான் தோன்றும். ஒன்பதாம் வகுப்பில் வெப்பம் நடத்தும்போது, இது ஏன் தவறு என்பதையே நான் பாடமாக்கிவிடுகிறேன். தன்வெப்ப ஏற்புத் திறனை மாணவர்கள் இவ்வளவு ஆர்வமாகக் கேட்டு வேறெப்போதும் நான் பார்த்ததில்லை.

பெட்ரோல் எரிந்து வரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மீதியில் பெரும்பகுதியைக் கூலன்ட் அள்ளிச் செல்ல வேண்டும். கரும்பலகையில் ஒரு கணக்கு போடுவோம். 5 கிலோகிராம் நீர் ஒரு டிகிரி சூடாக 5 × 4200 = 21,000 ஜூல் வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும் கார் நொடிக்கு 20,000 ஜூல் வெப்பத்தை அந்த நீருக்குத் தருவதாக வைத்துக்கொண்டால், ரேடியேட்டர் இல்லாதபோது நொடிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். இன்ஜின் உலோகமும் பங்கெடுப்பதால் உண்மையில் சற்று மெதுவாக ஏறும், அவ்வளவுதான்.

அப்படியானால் முடிந்த மட்டும் குளிர்வித்தால் நல்லதுதானே? இல்லை. டெல்டா மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க வயலில் ஓடும் ஆயில் இன்ஜினே போதும். போர் தண்ணீரின் ஒரு பகுதியை அப்படியே இன்ஜினுக்குள் விட்டு வெளியேற்றுவார்கள். நிலத்தடி நீர் சுமார் 28 டிகிரி. அது தாராளமாக ஓடினால் சிலிண்டர் சுவர் சூடேறவே ஏறாது. டீசல் முழுதாக எரியாது, புகை கூடும், எண்ணெயும் கூடுதலாகச் செலவாகும். விவரம் தெரிந்த விவசாயி வெளியேறும் நீரைக் கையால் தொட்டுப் பார்த்து, இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கொஞ்சம் மூடிவைப்பார். தெர்மோஸ்டாட் செய்வதும் இதே வேலைதான், கை மட்டும் இல்லை. அதற்குள் இருக்கும் மெழுகு உருகி விரிந்து, பல கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் வழியைத் திறக்கிறது. அதுவரை நீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும்.

அதைக் கழற்றிவிட்டால் விக்கிரவாண்டி சாலையில் வேகமாகப் போகும்போது நீர் 60, 70 டிகிரியிலேயே நின்றுவிடலாம். 'இன்ஜின் இன்னும் சூடாகவில்லை' என்று உணரி சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்கும். அய்யம்பேட்டை நெரிசலில் நிற்கும்போதாவது பயன் உண்டா என்றால், அதுவும் பெரிதாக இல்லை. அந்தச் சூட்டில் நல்ல தெர்மோஸ்டாட் முழுதாகத் திறந்துதான் இருக்கும்.

இனி ஃபேன். பல கார்களில் அது 95 முதல் 100 டிகிரிக்குள் ஓடத் தொடங்கி, நான்கைந்து டிகிரி இறங்கியதும் நிற்கும். தொடங்குவதும் நிற்பதும் ஒரே புள்ளியில் இருந்தால் ரிலே நொடிக்கு நொடி தட்டிக்கொண்டே இருக்கும். வீட்டு இஸ்திரிப் பெட்டியிலும் இதே இடைவெளி உண்டு. 'சீக்கிரமே ஓடட்டும்' என்று 80 டிகிரிக்கு மாற்றினால்? தெர்மோஸ்டாட் நீரை 88-இல் பிடித்துவைக்கிறது. ஃபேன் 80-க்காகக் காத்திருக்கிறது. அந்த ஃபேன் நிற்கவே நிற்காது. மோட்டாரும் பேட்டரியும் தேய்வதுதான் மிச்சம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் எதிர்காற்றே பெரும்பாலும் போதும். ஏசி போட்டதும் ஃபேன் ஓடுவது கோளாறல்ல; ஏசியின் கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கிறது, அதற்கும் காற்று வேண்டும்.

"100 டிகிரியில் தண்ணி கொதிக்குமே சார், 105 ஆனாலும் கார்ல ஏன் கொதிக்கல?" என்று யாராவது கேட்பார்கள். கேட்காவிட்டால் நானே கேட்டுவிடுவேன். ரேடியேட்டர் மூடி வளிமண்டலத்துக்கு மேல் ஏறத்தாழ இன்னொரு வளிமண்டல அழுத்தத்தை உள்ளே தேக்குகிறது. கொதிநிலை 120 டிகிரிக்கு உயர்கிறது. சூடான மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழும், 105 டிகிரி நீர் அந்தக் கணமே கொதித்து முகத்தில் சீறும். அப்பாவின் டாக்சியைக் கழுவித் துடைக்கும் பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. பாடத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்கவிடக் கூடாது. முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஓரங்கட்டி, குறைந்தது அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். நம் ஊரில் யாரும் தொடாத ஹீட்டரை முழுதாகத் திருப்பினால் அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டராக உதவும். நமக்கு வியர்க்கும், இன்ஜின் பிழைக்கும்.

வெயிலைவிட நம் பகுதியில் அதிகத் தொல்லை தருபவை இரண்டு. ஒன்று, சம்பா அறுவடை நேரத்தில் சாலையில் காயும் நெல்லும் வைக்கோலும். பதரும் தூசியும் ரேடியேட்டர் தகடுகளில் அப்பிக்கொண்டால் ஃபேன் ஓடியும் காற்று புகாது. இன்ஜின் ஆறியபின், மெல்லிய நீர்ப்பாய்ச்சலால் இன்ஜின் பக்கமிருந்து வெளிப்புறமாகக் கழுவ வேண்டும். மற்றொன்று, போர் தண்ணீர். அதிலுள்ள உப்பு குழாய்களுக்குள் படிந்து வெப்பத்தைத் தடுக்கும். நமக்குப் பனிக்கட்டிப் பயம் இல்லை என்பதால் கூலன்ட் தேவையில்லை என்பார்கள். துருப்பிடிக்காமல் காப்பதும் கொதிநிலையைச் சற்று உயர்த்துவதும் அதே கூலன்ட்தான்.

செய்முறைக்கு 10,000 ஓம் தெர்மிஸ்டர் ஒன்றும் மல்டிமீட்டரும் போதும். காரின் உணரியும் இந்த வகைதான். கால்கள் நீரில் படாதபடி பிளாஸ்டிக் உறையிட்டு, வெந்நீரில் வெப்பநிலைமானியோடு சேர்த்து வையுங்கள். வெந்நீரை ஆசிரியரே ஊற்றுவது நல்லது. 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டியது 85 டிகிரியில் சுமார் 1000 ஓமுக்கு இறங்கியிருக்கும். நீர் ஆற ஆற ஐந்து டிகிரிக்கு ஒருமுறை குறித்து வரைபடம் வரையச் சொல்லுங்கள். கோடு நேராக வராது. ஏன் என்று அவர்களே கேட்பார்கள்.