பட்டறைக் கூலியும் நியாயமும்

பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கொனியே 1917-ஆம் ஆண்டில் மலாயாவின் முதல் வர்த்தகச் செம்பனைத் தோட்டத்தை உண்டாக்கிய தென்னமரம், இன்று பெஸ்தாரி ஜெயா என்று வழங்கும் பழைய பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்திருக்கிறது. அங்கிருந்து ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் என்று கடற்கரை வரையில் பரந்து கிடக்கும் கோல சிலாங்கூர்த் தோட்டங்களிலே, பஸ் ஓடும் பெரிய சாலைக்கும் குடியிருப்புக்கும் இடையே செம்பனைக் காட்டு மண்பாதை நீண்டு கிடப்பதால், வேலைக்குப் போவதும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதும், நோயாளியை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் வீட்டிலுள்ள ஒரு பழைய ஹோண்டா இ.எக்ஸ்.5 அல்லது மோடெனாஸ் கிறிஸ் வண்டியை நம்பியே நடக்கின்றன. அந்த வண்டி பட்டறையில் இரண்டு நாள் கிடந்தால் இரண்டு நாட் சம்பளம் போயிற்று. ஆகவே நல்ல மெக்கானிக்கைத் தெரிந்தெடுப்பது இங்கே குடும்ப ஜீவனத்தைச் சேர்ந்த விஷயம்.

கூலியைப் பற்றி நம்மவரிடையே ஒரு பழக்கம் உண்டு. அதைக் கண்டிக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. பாகங்களுக்குச் சொன்ன விலையை மறுபேச்சின்றிக் கொடுத்துவிட்டு, கடைசியில் கூலி என்று வரும் இருபது வெள்ளியில் ஐந்து வெள்ளியைக் குறைக்கும்படி, “அண்ணே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க” என்று மன்றாடுவார்கள். 2025-இல் அமலுக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. மணிக்கணக்கில் 8 வெள்ளி 72 காசு. யாதொரு பயிற்சியும் இல்லாத தொழிலாளிக்கே சட்டம் விதித்த அளவு இதுவென்றால், பல வருஷ அனுபவத்தோடு, சொந்தச் செலவில் வாங்கிய சாமான்களையும் கடை வாடகையையும் சுமக்கிற ஒருவர், இரண்டு மணி நேரம் குனிந்து செய்த வேலைக்குப் பதினைந்து வெள்ளி வாங்கி எப்படிப் பிழைப்பார்? அந்தக் குறையைப் பாகத்தின் விலையில் ஏற்றுவார். இல்லையேல் அசலின் விலைக்குப் போலியை மாட்டுவார். உழைப்பின் விலையை நாமே கெடுத்துவிட்டுப் பிறகு யோக்கியனைத் தேடி அலைவது நியாயமாகாது.

கம்பெனியின் அதிகாரம் பெற்ற பட்டறைகளில் இன்ன வேலைக்கு இன்ன நேரம் என்று கணக்கு உண்டு. சிற்றூர்ப் பட்டறைகளிலோ வேலைக்கு இவ்வளவு என்று மொத்தமாகவே பேசுவார்கள். அங்கே தொகையை மட்டும் கேட்டு நிற்காமல், எத்தனை நேர வேலை, எந்தப் பாகம் மாறுகிறது, அது அசலா மாற்றுச் சரக்கா என்பவற்றையும் வேலை தொடங்குமுன் கேட்டுக்கொண்டால், கூலி தகுமா தகாதா என்பது தானே விளங்கிவிடும். இ.எக்ஸ்.5 போன்ற சிறு இஞ்சினுக்குக் கறுப்பெண்ணெய் ஒரு லிட்டருக்குக் குறைவாகவே பிடிக்கிறது. முழு லிட்டருக்குக் காசு கொடுத்தவருக்கு மிச்சமுள்ள எண்ணெயும் போத்தலும் சொந்தம்.

நம்பத்தக்கவருடைய லட்சணங்களுள் நான் தலையாயதாகக் கருதுவது, வண்டியை அவிழ்ப்பதற்குமுன் அவர் கேட்கும் கேள்விகளையே. நீலம் கலந்த வெண்புகை வந்தால் இஞ்சினுக்குள் எண்ணெய் எரிகிறது என்பது நிச்சயம். ஆனால் காரணம் ஒன்றல்ல. “எப்போ புகையுது தம்பி, காலையில ஸ்டார்ட் பண்ணும்போதா, ஏத்தத்துல முறுக்கும்போதா?” என்று கேட்கிறவர் பாதிப் பரிசோதனையை அங்கேயே முடித்துவிடுகிறார். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் சற்றே புகைத்துப் பின் அடங்கினால் வால்வு சீலின் மீது சந்தேகம். முறுக்கும்போதெல்லாம் புகைத்தால் பிஸ்டன் வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கக் கூடும். சீலின் விலை சொற்பம். இஞ்சின் தலையைக் கழற்றி மாட்டும் கூலியே அங்கு பெரிது. தேய்ந்த சிலிண்டருக்கோ, அதை லேத் பட்டறைக்கு அனுப்பி, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ போர் போட்டு, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டனை இட வேண்டியிருப்பதால், லேத்காரருக்கு ஒரு கூலி, கழற்றி மாட்டுகிறவருக்கு ஒரு கூலி என்று இரண்டு சேர்கின்றன. அந்தத் தொகையைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை. அளந்து பாராமலே, புகையைக் கண்ட மாத்திரத்தில் “பிளாக் போயிடுச்சு, ஓவராவல் பண்ணணும்” என்று தீர்ப்புச் சொல்கிறவரிடம் வண்டியை விடலாகாது.

தோட்டத்துச் சகதியும் புழுதியும் முதலில் தின்பது செயினை. செயினோடு இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்து மாற்றச் சொல்கிறவரை உடனே பேராசைக்காரராக எண்ணிவிட வேண்டாம். தேய்ந்த பற்களில் ஓடும் புதுச் செயின் விரைவில் கெடும். பற்கள் கொக்கிபோல் வளைந்திருப்பதை அவர் நமக்குக் காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இவ்வளவுக்குப் பின்னும் அநியாயம் நேர்ந்தால் சட்டம் துணை நிற்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவையைத் தக்க கவனத்தோடும் திறமையோடும் செய்து தர வேண்டும் என்று கூறுவதோடு, முன்கூட்டி விலை பேசிக்கொள்ளாத இடத்தில் நியாயமான விலைக்கு மேல் கொடுக்க வாடிக்கையாளர் கடமைப்பட்டவரல்லர் என்றும் 56-ஆம் பிரிவில் விதிக்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மூன்று வருஷத்துக்குள் வக்கீல் இல்லாமலே தொடுக்கலாம். தேதி, பாகத்தின் பெயர், தனியே குறித்த கூலி ஆகியவை அடங்கிய கைச்சீட்டு ஒன்றேனும் அதற்குக் கையில் இருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தையும் பட்டறையிலேயே விட்டுவிடாமல் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.