வங்கிக்குத் தெரியாத நான்கு இலக்கங்கள்

உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது, சம்பளம் எந்தத் தேதியில் ஏறுகிறது, நேற்று எந்த மருந்துக்கடையில் கார்டைத் தேய்த்தீர்கள், வீட்டுக்கடனில் இன்னும் எத்தனை தவணை பாக்கி என்பதெல்லாம் உங்கள் வங்கிக்குத் தெரியும். ஏடிஎம் கார்டின் பின் நம்பர் மட்டும் தெரியாது. கிளை மேலாளரோ தலைமை அலுவலகக் கணினி வல்லுநரோ எந்தத் திரையைத் திறந்தாலும் அதைப் பார்க்க முடியாது. ஆனாலும் நான்கில் ஓர் இலக்கத்தை நீங்கள் மாற்றி அழுத்திவிட்டால், சில நொடிகளில் "தவறான எண்" என்கிறது இயந்திரம். தனக்கே தெரியாத ஒன்றைச் சரியா தவறா என்று ஒரு வங்கி எப்படிச் சொல்கிறது?

கதை 1967 ஜூன் 27 அன்று, லண்டனின் வடபகுதியில் உள்ள என்ஃபீல்டில் தொடங்குகிறது. பிரிட்டனின் மிகப் பெரிய தனியார் வங்கிகளில் ஒன்றான பார்க்லேஸ், தன் கிளையின் வெளிச்சுவரில் பணம் தரும் இயந்திரம் ஒன்றைத் திறந்துவைத்தது. முதலில் பணம் எடுத்தவர் தொலைக்காட்சி நடிகர் ரெக் வார்னி. இயந்திரத்தை உருவாக்கிய ஜான் ஷெப்பர்டு-பாரன் 1925-இல் நம் ஷில்லாங்கில் பிறந்தவர். ஒரு சனிக்கிழமை வங்கிக்குத் தாமதமாகப் போய், கதவு சாத்தியிருந்ததால் வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். காசு போட்டால் சாக்லேட் தரும் இயந்திரம் இருக்கும்போது பணம் தரும் இயந்திரம் ஏன் கூடாது என்ற யோசனை அன்று குளிக்கும்போது வந்ததாம்.

அந்த இயந்திரத்துக்கு பிளாஸ்டிக் கார்டு கிடையாது. கிளையில் முன்கூட்டியே வாங்கிவைத்த காகிதச் செக்கைச் செருக வேண்டும். அதில் கார்பன்-14 சிறிதளவு ஏற்றப்பட்டிருந்தது. கீழடியில் கிடைத்த கரித்துண்டுகளின் வயதை நமக்குச் சொன்ன அதே கார்பன்-14தான். அதிலிருந்து வரும் மெல்லிய கதிர்வீச்சை உணர்ந்து இது வங்கியின் செக் என்று இயந்திரம் கண்டுகொள்ளும். பிறகு ரகசிய எண்ணைக் கேட்கும். பொருந்தினால் 10 பவுண்டு தரும். கதிர்வீச்சால் கெடுதல் வர வேண்டுமானால் 1,36,000 செக்குகளைத் தின்ன வேண்டியிருக்கும் என்று ஷெப்பர்டு-பாரன் பின்னாளில் கணக்கிட்டுச் சொன்னார்.

ரகசிய எண் ஆறு இலக்கமாக இருக்கட்டும் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். அவருடைய ராணுவ எண் அப்படித்தான். சமையலறை மேசையில் மனைவி கேரோலினிடம் கேட்டபோது, நான்குக்கு மேல் நினைவில் நிற்காது என்றார் அவர். உலகின் பெரும்பகுதி இன்றும் அந்தப் பதிலின்படியே நடக்கிறது. பின் நம்பருக்கான காப்புரிமையோ ஸ்காட்லாந்துப் பொறியாளர் ஜேம்ஸ் குட்ஃபெல்லோவுடையது. 1966-லேயே அவர் விண்ணப்பித்துவிட்டார். அவர் நிறுவனம் அதற்குத் தந்த வெகுமதி 10 பவுண்டு. எனக்கு இது மன்னிக்க முடியாத கஞ்சத்தனமாகப் படுகிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். எல்லாருடைய பின் நம்பரையும் ஒரு பட்டியலாக எழுதிவைத்தால், அது திருடுபோகும் நாளில் எல்லாரும் ஏழை. ஆகவே எண்ணை எழுதாமலே சரிபார்க்க வழி தேடினார்கள். ஐபிஎம் இயந்திரங்களோடு பரவிய ஒரு முறை மிக அழகானது. வங்கியிடம் பிரம்மாண்டமான ரகசிய எண் ஒன்று இருக்கிறது. அதைச் சாவி என்பார்கள். உங்கள் கணக்கு எண்ணை அந்தச் சாவியால் கலைத்துப்போட்டால் நீளமான குழப்ப எண் ஒன்று வரும். அதிலிருந்து நான்கு இலக்கங்களை எடுத்துக்கொள்கிறார்கள். 4735 என்று வைத்துக்கொள்வோம். ஒரே சாவி, ஒரே கணக்கு என்றால் எப்போதும் 4735தான் வரும். சாவி இல்லாதவருக்கு எந்தக் காலத்திலும் வராது.

நீங்கள் தேர்ந்தெடுத்தது 1962 என்றால், 4735-ஐ 1962 ஆக்க ஒவ்வோர் இலக்கத்தோடும் எதைக் கூட்ட வேண்டும் என்று பார்க்கிறார்கள். கூட்டல் பத்தைத் தொட்டாலோ தாண்டினாலோ பத்தை விட்டுவிட வேண்டும். 4-உடன் 7 சேர்ந்தால் 11, அதாவது 1. 7-உடன் 2 சேர்ந்தால் 9. 3-உடன் 3 சேர்ந்தால் 6. 5-உடன் 7 சேர்ந்தால் 12, அதாவது 2. ஆக, வங்கி தன் ஏட்டில் எழுதிவைப்பது 7237. அதைத் தெருவில் ஒட்டிவைத்தாலும் உங்கள் எண்ணை யாரும் கண்டுபிடிக்க முடியாது. 4735 தெரிந்தால்தான் 7237-க்கு அர்த்தம், சாவி இருந்தால்தான் 4735 பிறக்கும்.

அப்படியானால் சாவி எங்கே? கணினி மையத்தில் ஓர் இரும்புப் பெட்டிக்குள். இத்தகைய பெட்டியை 1970-களில் வங்கிகளுக்குக் கொண்டுவந்தவர் எகிப்தில் பிறந்த முகமது அட்டல்லா. 1959-இல் பெல் ஆய்வகத்தில், இன்று ஒவ்வொரு சில்லிலும் கோடிக்கணக்கில் இருக்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டரை டாவோன் காங்குடன் சேர்ந்து உருவாக்கியவரும் இவரே. யாராவது பெட்டியை உடைக்க முயன்றால் அது தன் சாவிகளை அழித்துக்கொள்ளும். சாவியைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வோர் அதிகாரியும் தன் துண்டை மட்டும் பெட்டிக்குள் இடுவார். முழுச் சாவியை அறிந்த மனிதர் எவரும் இல்லை. லாக்கர் அறையில் உங்கள் சாவியும் வங்கியின் சாவியும் சேர்ந்தால்தானே கதவு திறக்கிறது, அதே ஞானம்தான்.

ஏடிஎம்மில் நீங்கள் அழுத்தும் இலக்கங்கள் விசைப்பலகைக்குள்ளேயே பூட்டப்படுகின்றன. இயந்திரத்தின் கணினிகூட அவற்றைப் பார்ப்பதில்லை. திரையில் நட்சத்திரக் குறிகள் மட்டுமே தோன்றும். பூட்டிய பொதி வங்கியின் பெட்டிக்குப் போய் அங்கே திறந்து, கூட்டி, ஒப்பிடப்படுகிறது. வெளியே வருவது "ஆம்" அல்லது "இல்லை" மட்டும். நான்கு இலக்கங்களில் 10,000 எண்கள்தான் உண்டு என்றாலும், மூன்று முறை தவறினால் கார்டு முடங்கும் என்பதால் குருட்டாம்போக்கில் பிடிப்பது கடினம். 1234 என்றோ பிறந்த ஆண்டென்றோ வைத்திருப்பவருக்கு இந்தக் கணிதம் காவல் நிற்காது. அதை இன்றே மாற்றுங்கள்.

"வங்கியிலிருந்து பேசுகிறோம், பின் நம்பரைச் சொல்லுங்கள்" என்று யாராவது அழைத்தால், அவர் வங்கிக்காரர் இல்லை என்று அந்த ஒரு வாக்கியமே காட்டிவிடுகிறது. வங்கிக்கு அந்த எண் தேவையில்லை. ஏமாந்து சொல்லிவிட்டால் தயங்காமல் உடனே கார்டை முடக்கச் சொல்லுங்கள், சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் இதை ஒருமுறை உட்கார்ந்து விளக்குங்கள்.