முழுவியளமும் மங்கலச் சொல்லும்

வீட்டைவிட்டுப் புறப்படும்போது "போகிறேன்" என்று கூறாது "போய்வருகிறேன்" என்று ஏன் கூறவேண்டும் என எமது மாணவர்கள் வினவுவதுண்டு. மூலைக் கடைக்குப் பால் வாங்கச் செல்லும் தந்தையும் "போட்டு வாறன்" என்றே சொல்கிறார். அஜின்கோர்ட்டிற் பிறந்த பிள்ளைக்கு இது விந்தையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இவ்வழக்கிற்கு நம் இலக்கணத்தார் பெயரும் இட்டுள்ளனர். 13ஆம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுக்கின்றது. மங்கலமல்லாததை மங்கலச் சொல்லாற் கூறுவதே மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும் அதன்பாற்பட்டவை. கரிய ஆட்டையும் நாம் வெள்ளாடு என்கிறோம் அல்லவா? அதுவும் இவ்வகையே.

சொல்லிலே வருவதை அறியலாம் என்னும் நம்பிக்கை அதனினும் பழையது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டில், தலைவன் போர்மேற் சென்றிருக்க, முதுபெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று நெல்லும் முல்லை மலரும் தூவி நற்சொல் கேட்டு நிற்கின்றனர். தாய்ப்பசுவைக் காணாது வருந்தும் கன்றை நோக்கி, உன் தாயர் இப்போதே வந்துவிடுவர் என ஆயர்மகள் ஒருத்தி தேற்றுவது அவர்கள் செவியில் விழுகின்றது. தலைவனும் மீள்வான் என்று அவர்கள் துணிகின்றனர். இதற்கு விரிச்சி என்று பெயர். அந்த ஏக்கம் எத்தகையது என்பதைப் பெற்றோருக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தைவிட்டு நடந்த மக்களுள் நாமும் ஒருவர். வீட்டைப் பூட்டித் திறப்பை மடியிற் செருகிய முதியோர், ஆளில்லாத வீட்டை நோக்கியும் "போட்டு வாறம்" என்றே கூறினர். அதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்க எமக்கு மனம் வருவதில்லை.

பிறரும் இவ்வாறே. நம் அயலவரான சீனரின் மொழியில் நான்கு என்னும் சொல், சாவு என்னும் சொல்லை ஒத்து ஒலிக்கும். ஆதலால் இந்நகரின் சில மாடிக் கட்டடங்களில் 13ஆம் மாடியோடு 4ஆம் மாடியும் எண்ணிலிருந்து மறைந்துவிடும். அண்மையிலுள்ள ரிச்மண்ட் ஹில் நகரசபை, புதிய வீடுகளுக்கு 4ஆம் இலக்கம் இடுவதை 2013இல் நிறுத்தியது. தும்மினால் நாம் "நூறு" என்போம். ஆங்கிலேயர் கடவுளின் ஆசியை வேண்டுவர். நாவூறு கழிக்கச் செத்தல் மிளகாயை அடுப்பிலிடுவோர் மட்டும் சற்று எச்சரிக்கையாயிருத்தல் நன்று. தொடர்மாடியில் நாவூறு கழியுமுன் புகைமணி அலறும். தீயணைப்பு வண்டியும் வந்துவிடும்.

ஆயினும் ஒன்றை நாம் பொறுத்தற்கில்லை. புறப்படும்போது கணவனை இழந்தவர் எதிர்ப்பட்டால் முழுவியளம் சரியில்லை என்று இங்கும் சிலர் முணுமுணுக்கின்றனர். போரிலே துணையை இழந்து, இரு வேலை செய்து பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார் விழாக்களிலே தாமாகவே பின்வரிசைக்கு ஒதுங்குவதை நாம் கண்டிருக்கிறோம். கரிய ஆட்டை வெள்ளாடு என்றவர் ஆட்டுக்குத் தீங்கு செய்யவில்லை. ஒரு பெண்ணைத் தீச்சகுனம் என்றால் அச்சொல் அவர் காதிலும் விழும். அருகில் நிற்கும் அவர் பிள்ளையின் காதிலும் விழும்.

வரும் விசயதசமியன்று எமது பாடசாலையில் ஏடு தொடக்குதல் நடைபெறும். தம் பிள்ளையை மடியிலிருத்தி அரிசியில் எழுதுவிக்க எந்தத் தாய் முன்வந்தாலும், அவர் நெற்றியை நோக்காது முன்வரிசையில் இடம் விடுமாறு பெற்றோரை வேண்டுகிறோம்.