குதிரை திரும்பி வந்த மலை

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளி அட்லசில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் படத்தைத் திறந்து, மாண்டானா, வயோமிங் என்னும் இரு மாநிலங்களையும் பிரிக்கும் எல்லைக் கோட்டைப் பாருங்கள். அந்தக் கோட்டின் மேல், ராக்கி மலைகளுக்குச் சற்றுக் கிழக்கே, பிரையர் மலைகள் என்று ஒரு சிறு மலைக்கூட்டம் இருக்கிறது. பெரிய அட்லசாக இருந்தால்தான் பெயர் போட்டிருப்பார்கள். அந்த மலைகளில் யாருக்கும் சொந்தமில்லாத குதிரைகள் வாழ்கின்றன. அவை முதுகில் சேணம் ஏறியதில்லை. குளம்பில் லாடம் அடித்ததில்லை.

அவற்றைப் பார்த்துவிட்டு வருவோமா? தனியே போவதைவிட ஒரு குடும்பத்தோடு போவது நல்லது. மாண்டானாவின் பில்லிங்ஸ் நகரத்தில் வாழும் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் என்று வைத்துக் கொள்ளுங்கள். தாய், தந்தை, பதின்மூன்று வயது மகள், எட்டு வயது மகன், தந்தையைப் பெற்ற பாட்டி. குடும்பம் என் கற்பனை. ஆனால் மலையும் குதிரைகளும் நான் சொல்லப்போகும் வரலாறும் உண்மையானவை. ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் புறப்பட்டவர்கள், வயோமிங் எல்லைக்குள் இருக்கும் லவல் என்ற சிற்றூரில் இரவு தங்கி, மறுநாள் விடியற்காலை மலை ஏறுகிறார்கள். பாட்டியின் மடியில் வேதாகமம். அதில் யோபின் புத்தகத்தில் குதிரையைப் பற்றி ஒரு பகுதி உண்டு. பேரனுக்கு அதை வாசித்துக் காட்டுகிறார். அது போர்க்குதிரையைப் பற்றிய பகுதி. "நாம் பார்க்கப் போவது சண்டைக்கே போகாத குதிரை, பாட்டி" என்கிறாள் பேத்தி.

இந்த மலைக்குப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. 1806ஆம் ஆண்டில் லூயிஸ், கிளார்க் என்பவர்களின் ஆய்வுப் பயணக் குழுவில் நதானியேல் பிரையர் என்று ஒரு சார்ஜெண்ட் இருந்தார். குழுவின் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போகும் பொறுப்பு அவருடையது. வழியில் குதிரைகள் அத்தனையும் திருட்டுப் போய்விட்டன. அந்தப் பகுதியில் வாழ்ந்த குரோ இன மக்களின் கைவரிசை என்று கருதப்படுகிறது. பிரையரும் அவருடைய ஆட்களும் காட்டெருமைத் தோலால் பரிசல் கட்டி ஆற்றோடு மிதந்து போய்க் குழுவைச் சேர்ந்தார்கள். குதிரைகளைத் தொலைத்தவருடைய பெயரைத் தாங்கிய மலையில் இன்று குதிரைகள்!

பாதை கல்லும் பள்ளமுமாக இருக்கிறது. நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் வண்டி இல்லாமல் ஏற முடியாது. அடிவாரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,170 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து 15 செ.மீ. அளவுதான். சிவந்த மண், குட்டையான ஜூனிபர் மரங்கள், காய்ந்த புதர்கள். நடுப்பகலில் நல்ல வெயில். மலையுச்சியோ 2,670 மீட்டர். அங்கே 50 செ.மீ. அளவுக்கு மழையும் பனியும் விழுகின்றன. புல்வெளியும் ஃபர் மரங்களும் இருக்கின்றன. மரநிழலில் போன குளிர்காலத்துப் பனி ஜூலையிலும் உருகாமல் கிடக்கிறது.

இவ்வளவு அருகில் இவ்வளவு வேறுபாடு ஏன்? சூரியன் காற்றை நேராக அதிகம் சூடாக்குவதில்லை. தரையைச் சூடாக்குகிறது, தரை காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும்போது அங்கே அழுத்தம் குறைவாக இருப்பதால் விரிகிறது. விரியும் காற்று தன் வெப்பத்தையே செலவழித்து விரிவதால் குளிர்கிறது. சைக்கிள் டயரிலிருந்து சீறி வரும் காற்று விரலுக்குக் குளிர்ச்சியாக இருப்பதைக் கவனித்திருப்பீர்களே, அதே விதிதான். சராசரியாக ஒரு கி.மீ. உயரத்துக்கு 6.5 டிகிரி செல்சியஸ் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் மலையில் ஒன்றரை கி.மீ. ஏற்றம், எனவே ஏறத்தாழ 10 டிகிரி குறையும். உச்சியில் அம்மா தேநீர் போடுகிறார். தண்ணீர் 91 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, தேநீர் சுமார்தான்.

இந்த 10 டிகிரியில்தான் குதிரைகளின் பிழைப்பே இருக்கிறது. வசந்தம் முதலில் அடிவாரத்துக்கு வருகிறது. அங்கே புல் துளிர்த்து, சில வாரங்களில் காய்ந்துவிடும். அதற்குள் வசந்தம் சற்று மேலே போய்விடும். குதிரைகளும் பின்னாலேயே போகின்றன. ஜூலையில் பெரும்பாலானவை உச்சியில் நிற்கும். பனி இறங்கும்போது தாமும் இறங்கிவிடும். அவற்றுக்கு நாள்காட்டி எதற்கு?

பையன்தான் முதலில் பார்க்கிறான். புல்வெளி ஓரத்தில் ஆறு குதிரைகள்! ஓர் ஆண், மூன்று பெட்டைகள், ஓராண்டுக் குட்டி ஒன்று, பிறந்து சில வாரமே ஆன குட்டி ஒன்று. குதிரைகள் பெரும் மந்தையாக அலைவதில்லை; இப்படிச் சிறு குடும்பங்களாகவே வாழ்கின்றன. குடும்பம் கிடைக்காத இளம் ஆண்கள் தனிக்கூட்டமாகத் திரிந்து, தமக்குள் மல்லுக்கு நின்று பழகுகின்றன. ஒரு பெட்டையின் நிறம் மங்கிய பழுப்பு. பிடரியிலிருந்து வால் வரை முதுகின் நடுவே கறுப்புக் கோடு. கால்களில் வரிக்குதிரையைப் போல வரிகள். பழங்காலக் குதிரைகளின் அடையாளங்கள் இவை. ஸ்பானியர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த குதிரைகளின் இரத்தம் இவற்றில் இருப்பதை மரபியல் சோதனைகளும் காட்டியிருக்கின்றன.

கிட்டே போகலாமா? கூடாது. 30 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது அங்குள்ள விதி. டேப் பிடித்து அளக்கக் குதிரை நிற்குமா? மகள் பள்ளி அடிக்கோலை எடுத்துக் கையை முழுவதும் நீட்டிப் பிடிக்கிறாள். கண்ணுக்கும் கோலுக்கும் 60 செ.மீ. இந்தக் குதிரைகளின் தோள் உயரம் சராசரி 142 செ.மீ. 30 மீட்டர் தொலைவில் நிற்கும் குதிரையின் தோள் உயரம் கோலில் எவ்வளவு தெரியும்? வடிவொத்த முக்கோணங்களைப் படித்தவர்கள் உடனே சொல்லிவிடலாம். 60-ஐ 142-ஆல் பெருக்கி 3,000-ஆல் வகுத்தால் 2.84. எனவே கோலில் மூன்று செ.மீ.க்கு மேல் தெரிந்தால் பின்னால் நகர வேண்டும். உங்கள் தெருவில் நிற்கும் மாட்டை வைத்துச் செய்து பாருங்கள். மாட்டின் உயரத்தை மட்டும் மாற்றிக் கொள்ளுங்கள்.

உச்சியின் தென்விளிம்பில் நின்று கீழே பார்க்கிறார்கள். வயோமிங்கின் பிக்ஹார்ன் வடிநிலம் வெயிலில் வெளுத்து விரிந்து கிடக்கிறது. மாணவர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். நான் உங்களை இந்த மலைக்கு அழைத்து வந்ததே இதைக் காட்டத்தான். உலகில் குதிரைக் குலத்தின் மிகப் பழைய புதைபடிவங்கள் கிடைக்கும் இடங்களில் அந்த வடிநிலமும் ஒன்று. 5 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அங்கே சிஃப்ரிப்பஸ் என்ற விலங்கு வாழ்ந்தது. எடை 5 கிலோவுக்குச் சற்று மேல். சிறு நாயளவு என்று சொல்லலாம். காலில் ஒற்றைக் குளம்பு கிடையாது, விரல்கள்தான். குதிரைகளின் ஆதி முன்னோர்களில் ஒன்று அது.

அந்தக் காலத்தில் பூமி திடீரென்று சூடேறியது. திடீரென்று என்றால் மண்ணியல் கணக்கில். சராசரி வெப்பம் 5 டிகிரிக்கும் மேல் உயர்ந்தது. அந்த வடிநிலத்தில் கிடைத்த பற்களை அளந்து, 2012இல் விஞ்ஞானிகள் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 1,30,000 ஆண்டுகளில் சிஃப்ரிப்பஸ் சுமார் 30 சதவீதம் சிறுத்து, பூனையளவு ஆகிவிட்டதாம், சுமார் 4 கிலோ. பூமி மீண்டும் குளிர்ந்தபோது அது 7 கிலோ வரை வளர்ந்தது!

சூடானால் உடல் ஏன் சிறுக்க வேண்டும்? ஒரு செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6, கன அளவு 1. இரண்டு செ.மீ. பக்கமுள்ளதற்குப் பரப்பு 24, கன அளவு 8. அதாவது பெரியதில் ஒரு பங்கு கன அளவுக்கு 3 பங்குப் பரப்புதான். வெப்பம் உண்டாவது கன அளவில். வெளியேறுவது பரப்பின் வழியே. குவளைத் தண்ணீர் அண்டாத் தண்ணீரைவிட விரைவில் ஆறிவிடுவது இதனால்தான். சூடான உலகில் சிற்றுடல் வசதி, குளிரில் பேருடல் வசதி. உணவின் சத்து மாறியதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றாலும், வெப்பமே முதன்மை என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து.

தந்தை இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பாட்டி நெடுநேரம் அந்த வடிநிலத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு, "கர்த்தர் எவ்வளவு பொறுமைசாலி!" என்கிறார். அவ்வளவுதான்.

குதிரைக் குலம் அமெரிக்காவிலேயே வளர்ந்து, தரைப்பாலம் வழியே ஆசியாவுக்குப் பரவியது. ஆனால் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் பிறந்த மண்ணில் அற்றுப்போனது. பருவநிலை மாறியதாலா, மனிதன் வேட்டையாடியதாலா என்ற விவாதம் ஓயவில்லை. 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் கரிபியன் தீவுகளுக்குக் குதிரைகளைக் கொண்டு வந்தார். 1519இல் கோர்டெஸ் 16 குதிரைகளோடு மெக்சிகோவில் இறங்கினார். அப்படி வந்தவற்றில் தப்பியவை வடக்கே பரவின. ஆகவே பிரையர் மலைக் குதிரை அந்நாட்டுக்கு அந்நிய விலங்கா, சொந்த விலங்கா? ஆடுமாடு வளர்ப்பவர்கள் ஒரு விதமாகவும், குதிரைப் பிரியர்கள் வேறு விதமாகவும் பதில் சொல்கிறார்கள். வெளியூர் போன பையன் வீடு திரும்பும்போது கதவைத் திறக்காமல், நீ யார் என்று கேட்பதைப் போல எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவன் இல்லாத காலத்தில் வீட்டில் எல்லாம் மாறிவிட்டது என்பதையும் மறுக்க முடியாது.

1960களில் இந்த மலையிலிருந்து குதிரைகளை அகற்ற அரசு அதிகாரிகள் திட்டமிட்டார்கள். லவல் மக்கள் எதிர்த்து நின்றார்கள். 1968இல் உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் உடால் இதைக் காட்டுக் குதிரைகளுக்கான காப்பிடமாக அறிவித்தார். அதே காலத்தில் நெவாடா மாநிலத்தில் வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்மணி போராடிக் கொண்டிருந்தார். இறைச்சிக்காக லாரியில் ஏற்றிச் செல்லப்பட்ட குதிரைகளின் இரத்தம் சாலையில் சொட்டியதை 1950இல் கண்டு மனம் பொறுக்காதவர் அவர். நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகள் அவருக்குத் துணையாகச் சட்டமன்றத்துக்குக் கடிதம் எழுதிக் குவித்தார்கள். 1971 டிசம்பரில் காட்டுக் குதிரைகளையும் கழுதைகளையும் காக்கும் சட்டம் வந்தது. நம் பாட்டிக்கு அப்போது பதினொரு வயது. அவரும் ஒரு கடிதம் எழுதியவர்.

சட்டம் வந்தது, குதிரைகள் பெருகின. இப்போது சிக்கல் வேறு. ஆண்டுக்கு 18 சதவீதம் பெருகும் கூட்டம் நான்கே ஆண்டுகளில் ஏறத்தாழ இரட்டிப்பாகும். 120 குதிரை பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 875. மலை மட்டும் வளருமா? பிரையர் மலை தாங்கும் அளவு, அவ்வாண்டுக் குட்டிகள் நீங்கலாக, 90 முதல் 120 என்று 2009இல் கணக்கிட்டார்கள். நாடு முழுவதற்கும் தாங்கும் அளவு ஏறத்தாழ 25,500. ஆனால் 2024 மார்ச்சில் 73,000-க்கு மேற்பட்ட காட்டுக் குதிரைகளும் கழுதைகளும் இருப்பதாக அரசு மதிப்பிட்டது. பிடிக்கப்பட்டவற்றில் சிலவற்றை மக்கள் வளர்க்க எடுத்துச் செல்கிறார்கள். மற்றவை அரசின் பராமரிப்பில் பட்டிகளிலும் மேய்ச்சல் நிலங்களிலும் வாழ்நாளைக் கழிக்கின்றன. இன்னொரு வழியும் உண்டு. பெட்டைக் குதிரைக்கு ஓர் ஊசி அம்பைத் தொலைவிலிருந்து துப்பாக்கியால் செலுத்துகிறார்கள். அதிலுள்ள மருந்து சிறிது காலத்துக்குக் கருத்தரிப்பதைத் தடுக்கும். பிரையர் மலையில் 2001 முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

"ஒன்றையும் பிடிக்கக் கூடாது. அதற்காகவா நான் கடிதம் எழுதினேன்?" என்கிறார் பாட்டி. அம்மா பதில் பேசாமல் காலடியைக் காட்டுகிறார். குதிரைகள் கூடும் குளத்தைச் சுற்றிப் புல் அடியோடு கரம்பப்பட்டு, வெறும் மண் தெரிகிறது. "இந்த மண் அடுத்த மழையில் அடித்துப் போனால், ஊசி போடாமலே குட்டிகள் பிழைக்காது, அத்தை" என்கிறார். பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. பையனுக்கு இரண்டு பக்கமும் சரியாகவே படுகிறது. எனக்கும் அப்படித்தான். ஆனால் ஊசியா, பட்டியா என்று என்னைக் கேட்டால் ஊசி என்றே சொல்வேன்.

மாலை நான்கு மணி. மேற்கே மேகம் கறுக்கிறது; மலையுச்சியில் இடி இறங்கும் நேரத்தில் நிற்பது அறிவல்ல. சின்னக் குட்டி தாயின் மடியில் முட்டிப் பால் குடிப்பதைக் கடைசியாக ஒரு முறை பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறுகிறார்கள். பாட்டி வேதாகமத்தின் கடைசி வெற்றுத்தாளில் தேதியைப் போட்டு, அன்று எண்ணிய கணக்கை எழுதுகிறார்: 43 குதிரை, 6 குட்டி. "அதில் இரண்டை நீங்கள் இரண்டு தடவை எண்ணிவிட்டீர்கள்" என்கிறான் பேரன்.