பதினாறு வயதில் ஒரு பொறுப்பு

எல்லோருக்கும் வயது 11. நாட்டுக்கு நால்வர்: இரண்டு பையன்கள், இரண்டு பெண்கள். பல நாட்டுக் குழந்தைகள் 28 நாட்கள் ஒன்றாக வாழ்கிறார்கள். சிஐஎஸ்வி என்ற அமைப்பு நடத்தும் ‘கிராமம்’ இது. சமாதானத்தைக் குழந்தைப் பருவத்திலேயே தொடங்க வேண்டும் என்பது அமெரிக்க உளவியலாளர் டோரிஸ் ஆலனின் எண்ணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1951-ல், சின்சினாட்டியில் முதல் முகாம் கூடியது.

ஒவ்வொரு நாட்டுக் குழுவுடனும் பெரியவர் ஒருவர் வருவார். தனியாக வந்து சேர்பவர்கள் ஜூனியர் கவுன்சலர்கள். வயது 16, 17. சம்பளம் கிடையாது. விளையாட்டுகளைத் திட்டமிடுவது, சண்டையை விலக்குவது, வீட்டை நினைத்து அழும் குழந்தையைத் தேற்றுவது இவர்கள் வேலை.

சித்தூரிலும் திருப்பதியிலும் இந்த வயதுக்கு வேறு பெயர்: இன்டர்மீடியட். பயிற்சி வகுப்பு, விடுதி, நுழைவுத் தேர்வு. ஒரு மாத விடுப்பு என்றாலே பெற்றோருக்குத் தலை சுற்றும். விமானக் கட்டணம் வேறு.

ஆனால் தகுதிக்குக் குறைவில்லை. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, வகுப்பில் ஆங்கிலம் என வளரும் சித்தூர்ப் பிள்ளைக்கு மொழி ஒரு சுவரல்ல. திருமலை பிரம்மோற்சவக் கூட்டத்தில் சாரண மாணவர்கள் சேவை செய்வதையும் பார்க்கிறோம்.

இதற்கு விமானம் ஏறித்தான் ஆக வேண்டுமா? உள்ளூர்ப் பள்ளியின் கோடை முகாமில் பத்துச் சிறுவர்களை ஒரு பதினாறு வயதுப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். பிறர் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாடத்துக்கு மதிப்பெண் கிடையாது. வாழ்க்கையில் பயன்படுவது அதுதான்.