குர்ட் டாங்க்: பெங்களூருக்கு வந்த விமானி

தாம் வடிவமைத்த விமானத்தைத் தாமே ஓட்டிச் சோதிக்கும் துணிவுள்ள பொறியாளர்கள் உலக விமானத்துறையில் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவரான ஜெர்மானியர் குர்ட் டாங்க், 1956-ஆம் ஆண்டு பெங்களூருக்கு வந்து சுமார் பத்தாண்டுகள் உழைத்ததன் பயனாகவே இந்தியா தன் மண்ணில் உருவான முதல் ஜெட் போர் விமானத்தைப் பெற்றது. 1898-இல் பிறந்து, முதல் உலகப் போரில் குதிரைப்படையில் பணியாற்றி, பின்னர் பெர்லினில் மின்பொறியியல் பயின்ற டாங்க், 1931-இல் ஃபோக்கே-வுல்ஃப் நிறுவனத்தில் சேர்ந்தார். போர்முனைக்கு வேண்டியது நொய்ந்த பந்தயக் குதிரையன்று, கரடுமுரடான நிலத்திலும் தாக்குப்பிடிக்கும் படைக்குதிரையே என்னும் அவரது கொள்கையில் பிறந்ததுதான் ஃபோக்கே-வுல்ஃப் 190. செம்மையற்ற களங்களில் இறங்குவதற்காக அகன்ற சக்கர அமைப்பும், குண்டுபட்டாலும் எளிதில் நின்றுவிடாதபடி காற்றினால் குளிர்விக்கப்படும் எஞ்சினும் அதில் பொருத்தப்பட்டன. அத்திறமை இட்லரின் படைக்குப் பயன்பட்டது என்பதையும் வரலாறு மறைக்கலாகாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1947-இல், வேறு பெயரில் அர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்து, கோர்டோபா நகரில் புல்கி-2 என்னும் ஜெட் விமானத்தை உருவாக்கிய டாங்குக்கு, அதிபர் பெரோன் 1955-இல் பதவி இழந்ததும் மீண்டும் புகலிடம் தேட நேர்ந்தது. 1940-இல் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் துணையோடு பெங்களூரில் நிறுவிய ஹிந்துஸ்தான் விமான நிறுவனம் அவரை வரவேற்றது. வி.எம். காட்கே தலைமையில் எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானத்தை வடிவமைத்திருந்த அந்நிறுவனத்திடம், ஒலியைப்போல் இருமடங்கு வேகமுள்ள போர் விமானத்தை இந்திய விமானப்படை கேட்டிருந்தது; அவ்வளவு பெரிய தாவல் வேறெங்கும் அரிதாகவே முயலப்பட்டது.

டாங்க் கையாண்ட முறை குறிப்பிடத்தக்கது. ஜெட் விமானத்தின் அதே அளவில் மரத்தாலான எஞ்சினில்லா மிதவை விமானம் ஒன்று முதலில் செய்யப்பட்டு, டகோட்டா விமானத்தின் பின் கயிற்றால் கட்டி வானில் இழுத்துச் செல்லப்பட்டு, உயரத்தில் விடுவிக்கப்பட்டது. எஞ்சின் உதவியின்றி அது தரையிறங்கும் விதத்தைக் கொண்டு, உலோகத்தில் கைவைக்கும் முன்பே இறக்கையின் குணம் அறியப்பட்டது. 1959-இல் தொடங்கிய இச்சோதனைகளுக்குப் பின், 1961 ஜூன் மாதத்தில் விங் கமாண்டர் சுரஞ்சன் தாஸ், எச்.எஃப்.-24 மாருத் என்னும் அந்த ஜெட் விமானத்தைப் பெங்களூரு வானில் முதன்முறையாக ஓட்டினார்.

உடல் தேறியது; உயிர்தான் போதவில்லை. மாருத்துக்கெனக் கருதப்பட்ட ஆர்ஃபியஸ் 12 எஞ்சினைப் பிரிட்டன் கைவிட்டபோது, அதன் வளர்ச்சிச் செலவை ஏற்க இந்திய அரசு முன்வரவில்லை. ஆகவே வலிமை குறைந்த ஆர்ஃபியஸ் 703 எஞ்சின்கள் இரண்டு பொருத்தப்பட்டு, ஒலியின் வேகத்தை ஒட்டியே விமானம் நின்றுவிட்டது. எஞ்சினின் வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளைப் பாய்ச்சி உந்துவிசையைப் பெருக்கும் அமைப்பைச் சோதித்த முன்மாதிரி விமானம் 1970 ஜனவரி 10 அன்று விழுந்ததில் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். பெங்களூருவின் சுரஞ்சன் தாஸ் சாலை அவர் நினைவைத் தாங்குகிறது.

மொத்தம் 147 மாருத்துகள் கட்டப்பட்டன. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இராஜஸ்தான் எல்லையில் தரைப்படைக்குத் துணைநின்று அவை தம் உறுதியை மெய்ப்பித்தன. 1960-களின் பிற்பகுதியில் ஜெர்மனி திரும்பிய டாங்க் 1983-இல் காலமானார். மாருத்தின் குறை டாங்கின் வரைபலகையில் பிறந்ததன்று, எஞ்சின் பற்றிய முடிவில் பிறந்தது என்பதே நேர்மையான தீர்ப்பு. அக்குறை இன்னும் தீரவில்லை: பெங்களூரிலேயே பிறந்து 2001 ஜனவரியில் பறக்கத் தொடங்கிய தேஜஸ் விமானம் இன்றும் அமெரிக்க எஞ்சினால்தான் இயங்குகிறது.