மலையேற்றம் போறீங்களா? பிப்ரவரி 15-ல் பாதைகளை மூடுவது ஏன்?

பரங்கிப்பேட்டையில் கடல் இருக்கு, வெள்ளாறு இருக்கு, பக்கத்திலேயே பிச்சாவரம் இருக்கு. மலை மட்டும் இல்லை. டிரெக்கிங் என்றால் கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆட்கள் வெளி மாவட்டத்துக்குத்தான் பஸ் ஏறணும். டிக்கெட் போடும் முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: அந்தப் பாதை இப்போது திறந்திருக்கிறதா?

குரங்கணியில் என்ன நடந்தது?

தேனி மாவட்டம் போடி அருகே இருக்கிறது குரங்கணி. அதற்கு மேலே கொழுக்குமலை. சூரிய உதயம் பார்க்க இன்றும் கூட்டம் வரும் இடம். கேரளாவின் சூரியநெல்லியில் இருந்து ஜீப்பில் போகிறவர்களே அதிகம்.

2018 மார்ச் 11. சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளில் இருந்து வந்த குழுவினர் கொழுக்குமலையில் இருந்து நடந்தே இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்களே அதிகம். வழியில் காட்டுத்தீ சூழ்ந்தது. தப்பி ஓடியபோது சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களும் அடுத்தடுத்து இறக்க, பலி 23 ஆனது.

தீயை முந்தி ஓட முடியாதா?

சமதரையில் வேறு, சரிவில் வேறு. சரிவில் கீழே எரியும் தீ, மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிவிடும். அதனால் தீ மேல்நோக்கி ஏற ஏற வேகம் கூடும். ஆளுக்கோ ஏற ஏற மூச்சு வாங்கும். கீழே தீ தெரிந்தால் மேலே ஓடுவதுதான் மிக ஆபத்து. பிப்ரவரி, மார்ச்சில் புல் காய்ந்து கிடக்கும். காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

இப்போது எப்படிப் போவது?

விபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, மிதமானது, கடினம் என மூன்று வகை. ஆன்லைனில் முன்பதிவு செய்யணும். காட்டை ஒட்டிய கிராம இளைஞர்களும் பழங்குடியினரும் வழிகாட்டியாக உடன் வருவார்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம். குரங்கணி - சாம்பலாறு பாதையும் இந்தப் பட்டியலில் உண்டு.

காட்டுத்தீ காலமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகள் மூடப்படும். அந்த நேரத்தில் "நாங்க கூட்டிட்டுப் போறோம்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது அழைத்தால், வனத்துறை அனுமதியைக் காட்டச் சொல்லுங்க.

கடலூர் பக்கத்தில் இருந்து முதல் தடவை போகிறவர்களுக்கு ஏலகிரி - சுவாமிமலை பாதை ரொம்ப தூரமில்லை.